பழுதும் பற்றும்: நாவுல வட்டாரத்து முதுகுப்பைகள் குறித்து ஒரு விசாரணை

இலங்கைக்கு நடு எது என்று கேட்டால், நில அளவையாளர் வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தேடுவார். ஊரார் யோசிக்காமல் நாலந்தா கெடிகேயைக் கை காட்டுவார்கள். அந்தக் கற்கோயிலைத் தாண்டி ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் போனால் வருவது நாவுல. ஒரு பக்கம் அரங்கல மலை, இன்னொரு பக்கம் எலஹெர வீதி, தூரத்தில் நக்கிள்ஸ் தொடரின் முதுகு. தீவின் நடுவில் உட்கார்ந்து செய்யும் ஆய்வு எந்தக் கரைக்கும் சாயாது என்பதால், நீண்ட நாள் தீராத ஒரு கேள்வியை இங்கே வைத்துப் பார்ப்பதே முறை. கேள்வி இதுதான்: பழைய வானொலியைப் பழைய இரும்புக்காரரிடம் போடத் தயங்காத மனிதர், கிழிந்த முதுகுப்பையை மட்டும் ஏன் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்? ஒட்டுப்போட்ட கூடாரமும், அடிப்பாகம் வாய் பிளந்த மலையேறும் சப்பாத்தும், முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டை மேசும் இதே வகுப்பைச் சேர்ந்தவை. இவற்றைத் தூக்கி எறியச் சொல்லி வீட்டார் ஆண்டுதோறும் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். தீர்மானம் ஒருபோதும் அமலுக்கு வருவதில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை நினைவுக் கொள்கை. அந்தப் பையோடு போன மலைகள், நனைந்த மழைகள், சுட்டுத் தின்ற சோளம் எல்லாம் அதில் ஒட்டியிருக்கின்றன, அதனால்தான் விட மனம் வரவில்லை என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சான்று இடம் கொடுக்கவில்லை. நினைவைச் சேமிக்கப் பையைவிடச் சிறந்த கருவி கைத்தொலைபேசியில் இருக்கிறது. அரங்கலவின் உச்சியில் எடுத்த நூறு படங்களை, இடம் போதவில்லை என்று தொலைபேசி முனகியவுடன் அதே மனிதர் கண் கலங்காமல் அழித்துவிடுகிறார். இன்னும் ஒன்று: அதே மலைக்கு அதே நாளில் போன தண்ணீர்ப் போத்தல், ஒழுகாத நல்ல போத்தல், எங்கே? அக்காவின் மகனுக்குப் பாடசாலைக்குக் கொடுத்தாயிற்று. நன்றாக எரிந்த டோர்ச் லைட் கோழிக்கூட்டுக்குப் போய்விட்டது. எல்லாம் ஒரே மழையில் நனைந்தவைதானே? நினைவு ஒட்டுவதாக இருந்தால் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்க வேண்டும். எஞ்சி நிற்பவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விதத்தில் பழுதானது. இக்கட்டுரை முன்வைக்கும் பழுதுக் கொள்கை இதிலிருந்து பிறக்கிறது: மனிதர் பொருளின் சேவைக்காக அதன்மேல் பற்று வைப்பதில்லை, அதன் குறைக்காகவே வைக்கிறார்.

பையொன்றை அருகே வைத்துப் பார்ப்போம். அதன் பெரிய சிப் இடப்பக்கத்திலிருந்து நாலு விரல் தூரம் வரை ஒழுங்காக ஓடும். அங்கே ஒரு பல் சற்றே சாய்ந்திருக்கிறது. இழுத்தால் சிக்கும், இன்னும் பலமாக இழுத்தால் பின்னாலுள்ள பற்களெல்லாம் வாயைத் திறந்துகொள்ளும். உரியவருக்கு இது தெரியும். அந்த இடம் வந்ததும் இழுப்பதை நிறுத்தி, இரண்டு துணி ஓரங்களையும் இடது கையால் நெருக்கிப் பிடித்து, கட்டைவிரலால் ஓட்டியை மெதுவாகத் தள்ளுவார். மாதத்துக்கொரு தடவை மெழுகுதிரித் துண்டால் பற்களின்மேல் தேய்ப்பார். வலது தோள்வாரின் கொக்கி உடைந்து பல காலமாயிற்று. வாரின் நுனியை இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவதை அடியால் விட்டு இறுக்கும் ஒரு முடிச்சே அதன் வேலையைச் செய்கிறது. அந்த முடிச்சு எந்தச் சாரணர் கையேட்டிலும் இல்லை. உலகத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த தொழில்நுட்பம் அது. பையைக் குப்பையில் போட்டால், அந்த அறிவையும் சேர்த்துத்தான் போடவேண்டும். மெழுகும் முடிச்சும் புதுப்பைக்குத் தேவையில்லை, ஆகவே அதனிடம் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இதை உறுதிசெய்ய இரவல் சோதனை என்ற எளிய முறை உண்டு. புதுப்பையை இரவல் கேட்டால் உரியவர் நின்ற இடத்திலிருந்தே நீட்டிவிடுவார். பழைய பையைக் கேட்டால் முதலில் ஒரு மௌனம். பிறகு பாடம் தொடங்கும்: "தம்பி, இந்த சிப்ப இழுக்காதீங்க, தள்ளுங்க. இந்தப் பக்கத்துப் பையில கனமா ஒண்டும் வைக்காதீங்க, தையல் விட்டிடும். மழை வந்தா வலப்பக்கம்தான் ஒழுகும், சேர்ட்ட இடப்பக்கம் வையுங்க." கேட்டவர் பாதிப் பாடத்திலேயே வேண்டாம் என்று போய்விடுவார். போவதே நோக்கமும். பற்று என்பது பழுதுக்கும் பழக்கத்துக்கும் நேர்விகிதத்திலும், பிறர் அதைக் கையாளும் திறனுக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்ற விதியை இதிலிருந்து தயக்கமின்றி வகுக்கலாம்.

உள்ளூர்ச் சான்று போதாது என்பவர்களுக்கு உலகின் உச்சியிலிருந்தே ஒன்று. 1953 மே 29 அன்று எவரெஸ்டின் மேல் நின்ற டென்சிங் நோர்கேயின் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. அதைக் கொடுத்தவர் சுவிஸ் மலையேறி ரேமண்ட் லம்பேர்ட். 1952 இல் இருவரும் சேர்ந்து ஏறி, சிகரத்துக்குச் சுமார் 250 மீற்றர் இருக்கையில் திரும்பிவந்தார்கள். டென்சிங்கின் தலையில் இருந்த கம்பளித் தொப்பி ஏர்ல் டென்மன் கொடுத்தது. 1947 இல் அனுமதியில்லாமல் திபெத்துக்குள் நுழைந்து எவரெஸ்டைத் தொட முயன்று தோற்ற மனிதர் அவர்; அந்தப் பயணத்திலும் டென்சிங் கூட இருந்தார். உலகின் மிகச் சிறந்த கருவிகளை வழங்கக்கூடிய பிரித்தானியக் குழுவில் இருந்துகொண்டு, வெற்றி நாளில் அவர் தலைக்கும் கழுத்துக்கும் தெரிந்தெடுத்தவை இரண்டு தோல்விகளின் மிச்சங்கள். நினைவுக் கொள்கையினர் இதையும் தம் பக்கம் இழுப்பார்கள். ஆனால் வெறும் நினைவு என்றால், வென்ற மலைகளின் நினைவும் அவருக்குக் குறைவில்லாமல் இருந்ததே.

உளவியலாரும் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறார்கள். 1990 இல் கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவர் மாணவர்களிடம் கோப்பிக் கோப்பைகளைக் கொடுத்து நடத்திய சோதனைகளை வெளியிட்டார்கள். கையில் கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்கச் சம்மதித்த விலையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. தன்னுடையது என்றவுடனேயே விலை ஏறிவிடுகிறது. ஆனால் இது பையை விளக்காது, புதுப்பையும் தன்னுடையதுதானே. 2012 இல் நோர்டன், மோச்சன், ஏரியலி மூவரும் இன்னும் கிட்ட வந்தார்கள். மனிதர் தாமே கோத்து முடித்த பெட்டியையும் தாமே மடித்த கடதாசி உருவையும் பிறர் மதிப்பதைவிட அதிகமாக மதித்தார்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. வேலையை முடிக்க முடியாமல் போனாலோ, முடித்ததைப் பிரித்துவிட்டாலோ அந்தக் கூடுதல் மதிப்பும் போய்விட்டது. பழுதுக் கொள்கைக்கு இது ஒரு அடிதான், மறைக்க வேண்டியதில்லை. ஆகவே திருத்தம்: வெறும் பழுது பற்றைத் தராது, பிடிபட்ட பழுதே தரும். எங்கே ஒழுகும் என்று தெரியாத கூடாரம் எரிச்சல். எங்கே ஒழுகும் என்று தெரிந்து அங்கே சட்டியை வைத்துவிட்டுத் தூங்கப் போகக்கூடிய கூடாரம் சொத்து. உடைந்த பாத்திரத்துக்குப் பொன் பூசும் ஜப்பானியரை இந்த இடத்தில் இழுத்து வருவது இப்போதைய வழக்கம். இன்றைய பொன் விலையில் அது நாவுலவுக்குக் கட்டாது. மெழுகுதிரி போதும்.

இனி மறுப்புகள். முதலாவதாக வருபவர் தமிழ் படித்தவர். பழையது போவதும் புதியது வருவதும் இயல்பு என்று பவணந்தியாரே நன்னூலில் விதித்துவிட்டாரே, அப்புறம் இந்தப் பை எதற்கு என்பார். சூத்திரத்தை நிதானமாகப் படித்தால், காலம் மாறும்போது பழையது கழிந்தால் அது குற்றமில்லை என்றுதான் சொல்கிறது. கழித்தே ஆகவேண்டும் என்று கட்டளை இல்லை. அனுமதியைக் கட்டளையாக வாசிப்பது இலக்கணப் பிழை. தவிரவும் அவர் பேசியது சொல்லைப் பற்றி, பையைப் பற்றி அல்ல. திணை பிரித்துப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மலைக்குப் போவதால் இது குறிஞ்சி என்று அவசரப்படக் கூடாது. ஆண்டில் முந்நூற்றைம்பது நாள் ஆணியில் தொங்கிக்கொண்டு, மழைக்காலத்தில் போனவர் வருவாரா என்று காத்திருக்கும் பொருளுக்கு உரியது இருத்தல். அது முல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. இதெல்லாம் காசுள்ளவரின் கொஞ்சல், இல்லாதவன் பழையதை வைத்திருப்பது வேறு வழியில்லாமல் என்பது. இதற்கு நாவுல வீதியே பதில் சொல்லும். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் பலர். முதுகிலும் தலையிலும் முழு வாழ்க்கையையும் சுமந்து இந்த வழியால் போனவர்கள் அவர்கள், உல்லாசத்துக்கு அல்ல. 2023 இல், 200 ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து ஜூலை 28 அன்று புறப்பட்ட நடைபயணம் அதே திசையில் வந்து ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. தோட்டத்தில் அந்த மக்களுக்குக் கிடைத்த மழைக் கவசம் கம்பளி. அதுவும் இனாமல்ல, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கம்பளியின் குறை ஊரறிந்தது: மழையைத் தடுக்காது, குடிக்கும், குடித்தபின் கழுத்தை அழுத்தும், காய மூன்று நாள் வேண்டும், காயும்வரை ஆட்டு மணம் வீசும். அதை எப்படி மூலை சேர்த்து மடித்துக் கொங்காணியாகப் போட்டால் தண்ணீர் முதுகால் வழிந்து கூடைக்குள் போகாது என்பது கொழுந்து பறிப்பவரின் கைக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் வைத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பிளாஸ்டிக் படங்கு வந்து, வேறு வழி திறந்த பின்னும், வீடுகளில் கட்டிலடியில் கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்ததற்கு வறுமை காரணமாகாது. ஆகவே இந்தப் பற்று வசதியிலிருந்து வந்ததல்ல. வசதி அதைப் பேச்சுப் பொருளாக்கியது, அவ்வளவுதான்.

மூன்றாமவர் தத்துவக்காரர். வார் மாற்றியாயிற்று, சிப் மாற்றியாயிற்று, அடித்துணியும் மாற்றியாயிற்று, இது எப்படி அதே பையாகும் என்று கேட்டு, புளூட்டார்க் எழுதிய தீசியஸின் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவார். கப்பலுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கெடிகே பக்கத்திலேயே இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிடும் என்பதால் 1970களில் அந்தக் கோயில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, 1980 இல் குளக்கட்டின்மேல் மீண்டும் அடுக்கப்பட்டது. கோயில் கற்களை வைத்துக்கொண்டு இடத்தை மாற்றியது. பை இடத்தை, அதாவது ஆணியை, வைத்துக்கொண்டு துணியை மாற்றுகிறது. முன்னதை அதே கெடிகே என்று ஏற்றுச் சுற்றிப் பார்ப்பவர், பின்னதை மட்டும் மறுப்பது நேர்மையல்ல.

இந்தப் பற்றுக்கு ஓர் எல்லையும் உண்டு, அதை வேதியியல் வகுக்கிறது. பைகளின் உட்பூச்சும் பல சப்பாத்துகளின் நடு அடியும் பொலியூரித்தேன். காற்றின் ஈரம் அதை மெல்ல உடைக்கும். முதலில் உட்புறம் பிசுபிசுக்கும், பிறகு வெள்ளைப் பொடுகாக உதிரும். பத்திரமாக இருக்கட்டும் என்று அலுமாரிக்குள் பூட்டி வைத்த சப்பாத்து, சில ஆண்டு கழித்து அணிந்த முதல் மணித்தியாலத்திலேயே அடி கழன்று விழுவது இதனால்தான். இது பிடிபடாத பழுது. எந்த முடிச்சும் மெழுகும் இங்கே உதவாது. மேலே வகுத்த விதியின்படி பற்று இந்தக் கட்டத்தில் சட்டென்று அறுகிறது. மாத்தளை மாவட்டம் பெரிய வெங்காயத்துக்குப் பேர்போனது. ஓய்வுபெற்ற பை அடுப்படிக்கு இறங்கி வெங்காயம் சுமக்கத் தொடங்குவதை இந்த வட்டாரத்தில் பதவியிறக்கமாக யாரும் கருதுவதில்லை.

ஆய்வு முடிவுகளைச் சரிபார்க்க விரும்பும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆணியிலும் ஒன்று தொங்கக்கூடும். ஐப்பசி மழை தொடங்குமுன் அதை இறக்கி, எல்லாப் பைகளையும் வெளியே புரட்டிக் காற்றாடப் போடுங்கள். வெயிலில் அல்ல, நிழலில். நைலானை வெயில் தின்னும். சிப்பை மட்டும் உரியவர் வரும்வரை தொடாதீர்கள்.