கெட்ட பழக்கம்

டிசம்பர் பிறந்துவிட்டால் “இந்த வருஷம் என்னென்ன படிச்சீங்க?” என்று கேட்பவர்கள் பெருகிவிடுகிறார்கள். பதில் சொல்வதில் பெரிய சிரமம் இல்லை. கேட்பவரிடம் அநேகமாக ஒரு பட்டியல் தயாராக இருக்கும். நாம் இரண்டு தலைப்பைச் சொல்வதற்குள் அவர் தன்னுடையதை ஆரம்பித்துவிடுவார், தலையாட்டினால் போதும். இருந்தாலும் கேள்வி மரியாதையானது. ஐம்பதைத் தாண்டியவனிடம் சர்க்கரை அளவைக் கேட்காமல் வாசிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் சும்மாவா?

1984-இல் நான் கோவில்பட்டியில் எட்டாம் வகுப்பில் இருந்தேன். அந்த வருஷமும் இதே விவரத்தை வீட்டில் தினமும் விசாரித்தார்கள். “என்னத்தலே படிக்கே?” அப்பாவின் இந்தக் கேள்விக்குச் செல்லுபடியாகும் பதில் ஒன்றுதான்: பூகோளம். பூகோளப் புத்தகத்தின் அகலம் காமிக்ஸுக்கு வாகாக இருந்ததால் அந்த வருஷம் பூகோளம் நிறையவே படித்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் அம்மாவிடம் வத்தி வைத்தாள். “ஒம் மவன் எப்பம் பாத்தாலும் கதைப் பொஸ்தகமும் கையுமால்லா அலையுதான்.”

அம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. “இல்ல மைனி, இப்பம் விட்டுட்டான்” என்றாள்.

பீடி, சீட்டு, கதைப் புத்தகம் மூன்றும் எங்கள் தெருவில் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டவை. முதல் இரண்டுக்கும் கொஞ்சம் மீசை முளைக்க வேண்டும். மூன்றாவதற்கு எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை.

ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அந்த வருஷம்தான் புதிதாக வந்தன. முத்து காமிக்ஸ் 1972 முதலே உண்டு. இரும்புக்கை மாயாவி எங்களுக்கு அண்ணன்மார் வழியாக வந்த பூர்வீகச் சொத்து. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மறைந்துகொள்ள அவருக்கு மின்சாரம், எனக்குப் பூகோளம்.

காமிக்ஸைத் தாண்டினால் பஜார் சந்தில் ஒரு வாடகை நூல் நிலையம். மாத நாவல்களைச் சாக்கு ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டு, நாள் வாடகைக்கு விடுவார் ஒரு பெரியவர். அந்தப் புத்தகங்களில் கதையைவிட ஓரத்துப் பென்சில் எழுத்துகள்தான் விறுவிறுப்பு. ஒரு துப்பறியும் நாவலின் நடுவில், “இதுக்கு மேல படிக்காதே, கொன்னது டாக்டர்” என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே வேறு கையெழுத்தில், “பொய். மானேஜர்தான்.” அதற்கும் கீழே மூன்றாமவர்: “ரெண்டு பேரும் சும்மா இருங்க. கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கு, ஒருத்தருக்கும் தெரியாது.” உண்மைதான், கிழிந்திருந்தது. நான் யோசித்துப் பார்த்து டாக்டர் பக்கம் ஒரு கோடு போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பெரியம்மா வீட்டில் பைண்டு வால்யூம்கள் இருந்தன. குமுதத்திலும் கல்கியிலும் வந்த தொடர்கதைகளை வாரம் வாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து வைத்திருந்தாள். சாண்டில்யன் கதை, லதாவின் படம். உச்சக்கட்டத்தில் தாளைத் திருப்பினால் யாரோ ஒரு சர்தார்ஜி நகைச்சுவையின் பிற்பாதி இருக்கும். முற்பாதி பெரியம்மா வேண்டாமென்று விட்டுவிட்ட தாளில் போயிருக்கும். பெரும்பாலான கதைகளுக்கு முதல் பாகம் கிடையாது. இரவல் வாங்கிய உறவுக்காரர்கள் மாற்றலாகிப் போன ஊர்களில் அவை இருந்தன. அதனால் எல்லாக் கதாநாயகர்களையும் பாதி வழியில், குதிரை மேல் இருக்கும்போதுதான் சந்தித்தேன். அவர்கள் எதற்காகக் கிளம்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அது ஒரு குறையாகவும் பட்டதில்லை.

நூலகமும் இருந்தது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்க வழிசெய்யும் சட்டம் 1948-லேயே சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. அப்பா வரி பாக்கி வைக்கிற ஆள் இல்லை. வருஷம் தவறாமல் கட்டிவிட்டு, அந்த வரியில் நடக்கிற இடத்துக்கு நான் போய்விடாமல் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. வாரத்தில் அந்த ஒரு நாள் நான் எங்கே போனேன் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

செய்தித்தாளுக்கு மட்டும் தடை கிடையாது. அந்த வருஷக் கடைசியில் டீக்கடையில் தாளுக்கு அடிதடி. அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி சுடப்பட்டார், எம்.ஜி.ஆர். அப்பல்லோவிலிருந்து அமெரிக்காவில் புரூக்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டார். புரூக்ளின் நியூயார்க்கில் இருக்கிறது என்று டீக்கடைக்கே விளக்கம் சொன்னவன் நான். பூகோளத்தில் நான் இவ்வளவு கெட்டி என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

நியூயார்க் தெரிந்த எனக்கு இடைசெவல் தெரியாது. அதாவது ஊர் தெரியும். திருநெல்வேலி போகிற வழியில் பஸ் நிற்கும், யாராவது ஆட்டுக்குட்டியோடு ஏறுவார்கள். அங்கே கி. ராஜநாராயணன் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதோ, அதே ஊரில் அவர் பிறந்த அதே 1923-இல் பிறந்த கு. அழகிரிசாமி என்பவர் 1970-இலேயே இறந்துபோனார் என்பதோ எனக்கு எட்டவில்லை. அவர்கள் பைண்டு வால்யூமில் இல்லை.

இப்போது வாசிப்பு நல்ல பழக்கமாகிவிட்டது. எப்போது மாறியது என்று தெரியவில்லை. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. கலெக்டர் திறந்து வைக்கிறார், பட்டிமன்றம் உண்டு, டெல்லி அப்பளம் உண்டு. மதுரைக்கு வந்து குடியேறிய பிறகு நானும் வருஷம் தவறாமல் போய், பத்து சதவீதக் கழிவில் பை பையாக அள்ளிக்கொண்டு வருகிறேன். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கியதைத் திருட்டுத்தனமாகப் புரட்டியவனை, “வாங்க சார், உள்ள வந்து பாருங்க” என்று கூப்பிடுகிறார்கள். எடுத்த புத்தகத்தைத் திரும்ப வைக்கக் கூச்சமாக இருக்கிறது.

பொன்னாடை, பூங்கொத்துக்குப் பதில் புத்தகம் தாருங்கள் என்று 2021-இல் முதலமைச்சர் கேட்டுக்கொண்டாலும் கேட்டுக்கொண்டார், நம் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பொன்னாடை எப்படி மேடைக்கு மேடை சுற்றியதோ அப்படியே புத்தகமும் சுற்றுகிறது. பெயர் எழுதிய முதல் தாளை மட்டும் கிழித்துவிட்டால் அடுத்த பணி ஓய்வு விழாவுக்குத் தயார். ஒரு தன்வரலாற்று நூலை நான் ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். சில மாதம் கழித்து அது வேறொருவர் கையால், பூப்போட்ட தாளில் சுற்றப்பட்டு, என்னிடமே வந்து சேர்ந்தது. நான் அடிக்கோடிட்ட இடங்கள் அப்படியே இருந்தன. நல்ல தேர்வு என்று பாராட்டினேன். பொன்னியின் செல்வன் மட்டும் சுற்றாமல் எல்லா வீட்டிலும் தங்கிவிடுகிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதிலிருந்து ஆளாளுக்குப் போடுகிறார்கள். 2022-இல் மணிரத்னம் படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். பெரியம்மா வீட்டில் கிடைக்காமல் போன முதல் பாகம் இப்போது என்னிடம் பல அட்டைகளில் இருக்கிறது.

2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை அப்பா பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. குளிர்சாதனம், வழவழப்பான தரை, சத்தமே இல்லாத கூட்டம். கூட்டத்தில் பாதிக்கு மேல் போட்டித் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள். அத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் பாடப் புத்தகம் மட்டும் படிக்கிற காட்சி. அப்பா அன்றைக்கே நூலகத்தோடு ராசியாகியிருப்பார்.

இத்தனை வசதிக்கு நடுவில் இந்த வருஷம் நான் என்ன படித்தேன் என்பதுதானே கேள்வி? அதிகாலையில் எழுந்து அரை மணி நேரம் வாசியுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதால் எழுந்தேன். காபி, நாற்காலி, விளக்கு, கண்ணாடி எல்லாம் சரியாக அமைந்தன. கனமான நாவல் ஒன்று சித்திரையில் எந்தப் பக்கத்தில் இருந்ததோ ஆடியிலும் அதே பக்கத்தில் இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் புண்ணியத்தில் பழைய இலக்கியம் அநேகமும் இலவசம். எல்லாவற்றையும் கைபேசியில் இறக்கிவிட்டேன். இறக்கி முடித்ததும் ஒரு நிறைவு வந்துவிடுகிறது பாருங்கள், அதற்கு மேல் படிக்கத் தோன்றுவதில்லை.

முழுதாக முடித்தவற்றை எண்ணிப் பார்த்தால் எல்லாமே படிக்கக் கூடாத நேரத்தில் படித்தவை. ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், லாட்ஜ் அறையில் யாரோ விட்டுப்போன ராஜேஷ்குமாரின் பழைய க்ரைம் நாவல். முகூர்த்தத்தைத் தவறவிட்டதற்கு மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். கொலையாளி யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, கடைசிப் பக்கம் இருந்தது. இன்னொன்று, அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது கையில் இருந்தது.

அழகிரிசாமியை அலுவலகத்தில் தணிக்கை நடந்த வாரத்தில் படித்தேன். மேஜை இழுப்பறையைப் பாதி திறந்து வைத்து, மேலே ஒரு கோப்பைப் பரப்பிக்கொண்டு. ‘அன்பளிப்பு’ கதையில் ஒரு சிறுவன் வருவான். மற்ற பிள்ளைகளுக்கு டைரி பரிசு கிடைக்கிறது, அவனுக்கு இல்லை. அவன் தானே ஒரு டைரியை வைத்துக்கொண்டு, கதை சொல்பவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். பெயர் எழுதிய தாளைக் கிழித்துச் சுற்றில் விடுகிற எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. மறுபடி மேலிருந்து படித்தேன். தணிக்கைக்கு வந்த இளைஞர் எதிரே நின்றது தெரியவில்லை.

இழுப்பறையை எட்டிப் பார்த்தார். எனக்கு எட்டாம் வகுப்பு வியர்வை வியர்த்தது.

“படிங்க சார், படிங்க. நல்ல பழக்கம்” என்றார்.

அதற்கப்புறம் அன்றைக்கு ஒரு வரி ஓடவில்லை.

அரையாண்டு நேரத்தில் தங்கை மகள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். பத்தாம் வகுப்பு. பள்ளியில் வாசிப்புக் குறிப்பேடு என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். படித்த நூல், ஆசிரியர், கதைச் சுருக்கம், பெற்றோர் கையொப்பம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. இத்தனையும் படித்தாயா என்றேன். “எழுதியிருக்கேன்ல மாமா” என்றாள்.

அன்று நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவள் போர்வைக்குள் வெளிச்சம். மறுநாள் பரீட்சை. போர்வையை விலக்கிப் போனைப் பிடுங்கினேன். கொரியாக்காரர்கள் வரைந்த படக்கதை. ஒரு பெண் வாளோடு நிற்கிறாள், எதிரே கறுப்பு அங்கி போட்ட ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். நூற்றுப் பதினெட்டாவது அத்தியாயம் என்று போட்டிருந்தது.

“பரீட்சைய வச்சுக்கிட்டு என்னட்டி இது?”

“முடியப் போவுது மாமா. குடுங்க.”

“இவன் யாரு, நல்லவனா கெட்டவனா?”

“அது இன்னும் சொல்லல. குடுங்க மாமா.”

“இரு. அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போறது?”

“மேல தள்ளுங்க. அய்யோ, அவ்வளவு வேகமா இல்ல.”