தண்டமும் தண்டலும்: தேர்வாய் கண்டிகை வாகன மறதி குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

தமிழில் 'தண்டம்' என்ற சொல்லுக்குக் கோல் என்று ஒரு பொருள், படை என்று ஒரு பொருள், அபராதம், காலில் விழுந்து கும்பிடுதல், வீண் என்று இன்னும் பல. கடைசிப் பொருளைச் சோற்றோடு சேர்த்து அப்பாக்கள் ஆளுவார்கள். இத்தனை பொருளும் ஒரே ஆளுக்கு ஒரே முற்பகலில் வாய்க்குமா என்பதை மொழியறிஞர்கள் இதுவரை சோதித்துப் பார்க்கவில்லை. வாய்க்கும். காலாவதியான ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கிளம்பினால் போதும். கோல் வைத்திருப்பவர் வழியிலேயே நிறுத்துவார். அபராதம் கணினித் திரையில் வரும். கும்பிடு புரோக்கருக்கு. வீண் என்ற பட்டத்தை வீட்டில் தயாராக வைத்திருப்பார்கள். படைக்குத்தான் பஞ்சம் என்று நினைத்தேன். நமக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது.

ஆய்வுக்களம் தேர்வாய் கண்டிகை. கும்மிடிப்பூண்டி வட்டத்தில், கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகும் சாலையை ஒட்டி, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். 'கண்டிகை' என்ற பெயர் 'கண்டிப்பு' என்பதிலிருந்து வந்தது என்று நிறுவ எனக்கு ஆசைதான். இடப்பெயர் ஆய்வாளர்கள் கண்டிப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். சிப்காட் வந்த பிறகு இங்கே மிஷெலின் ஆலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் உருவாகிறது. பிறந்த டயரையும் தேய்ந்த டயரையும் ஒரே சாலையில் பார்க்கலாம் என்பதால் வாகன ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் அமையாது. தரவாளிகள் மூவர்: நான், என் மச்சான், மச்சானுடைய எக்ஸ்.எல். மொபெட். இவர்களில் மூன்றாமவர் மட்டுமே கடைசிவரை பொய் சொல்லவில்லை.

முன்னோர் ஆய்வைப் பார்க்காமல் தொடங்கினால் பல்கலைக்கழகத்தில் ஏற்க மாட்டார்கள். பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துச் சுங்க அலுவலர் சரக்கு மூட்டைகளின் மேல் சோழனின் புலி முத்திரையைக் குத்தி அனுப்புகிறார். பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்த கழுதைகள் சுங்கம் வாங்கும் பெருவழியில் வரிசையாகப் போகின்றன. இரண்டையும் கூர்ந்து படித்தேன். எந்தக் கழுதைக்கும் தாமதக் கட்டணம் விதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தந்தப் பயணத்துக்கு அங்கங்கே கொடுத்துவிட்டுப் போனதால், மறப்பதற்கு இடமே இல்லை. பிறகு முதலாம் குலோத்துங்கன் அந்தச் சுங்கத்தையும் தவிர்த்து, 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பேர் வாங்கினான். இன்றைக்குத் தேசிய நெடுஞ்சாலை 16-இல் சென்னையை விட்டு வடக்கே வருகிறவர் நல்லூர்ச் சுங்கச்சாவடியில் நிற்கிறார். அது இருப்பது, பேரிலேயே சோழனை வைத்திருக்கும் சோழவரத்துக்குப் பக்கத்தில். வரலாற்றுக்கும் குசும்பு உண்டு.

மோட்டார் வண்டிக்கு மதராஸ் மாகாணம் தனிச் சட்டம் போட்டது 1931-இல். இப்போது நம்மை ஆள்வது 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதன் நிழலில் பிறந்த 'ஆயுட்கால வரி' என்ற சொல்தான் நம் மறதிக்கெல்லாம் மூலகாரணம்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வண்டி வாங்கும் அன்றைக்கே அந்த வரியை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். 2023 நவம்பரிலிருந்து, ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள இருசக்கர வண்டிக்கு விலையில் நூற்றுக்குப் பத்து. அதற்கு மேல் பன்னிரண்டு. ஷோரூமில் தரும் கணக்குச் சீட்டில் 'லைஃப் டேக்ஸ்' என்ற வரியைப் படித்ததும் வாங்குகிறவர் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. மகளுக்குக் கல்யாணம் முடித்துக் கையலம்பினவர் முகத்தில் வருமே, அது. ஆயுளுக்கும் கட்டியாயிற்று, இனி அரசாங்கத்துக்கும் நமக்கும் பேச்சில்லை. இது யாருடைய ஆயுள் என்று அவர் கேட்பதில்லை. டீக்கடையில் இதைக் கேள்வியாகப் போட்டேன். வண்டியின் ஆயுள் என்றது ஒரு கட்சி. ஓனரின் ஆயுள் என்றது மறு கட்சி. "ஓனர் போயிட்டா பையன் பேருக்கு மறுபடி கட்டணுமாண்ணே?" என்று டீ மாஸ்டர் கேட்டதும் விவாதம் திசைமாறிப் பாகப்பிரிவினைக்குப் போய்விட்டது.

இரண்டு கட்சிக்கும் பிடிபடாத மூன்றாவது ஆயுள் ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, சொந்த உபயோக வண்டியின் பதிவுச் சான்று பதினைந்து வருஷம் செல்லும். அதற்குப் பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். கூடவே பசுமை வரியும் கட்ட வேண்டும். ஆயுளுக்கு வரி கட்டியவனிடம் ஆயுளுக்குப் பிறகும் வரி கேட்பதைச் சைவ சித்தாந்திகள் எப்படி விளக்குவார்களோ தெரியாது. ஆயுட்காலம் என்று சொல்லிக் கொடுத்த அட்டையை ஒருவன் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டினால், அவன் மறந்தான் என்று சொல்வது நியாயமில்லை. நம்பினான் என்பதே சரி.

காலாண்டு வரி கட்டுகிறவர்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். இந்த சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிவரும் வேன்காரர் சீட் கணக்குக்குக் கட்டுகிறார்; லாரிக்காரர் எடைக் கணக்குக்கு. மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருவது சம்பந்தி மாதிரி, பிடிக்காவிட்டாலும் மறக்காது. பதினைந்து வருஷத்துக்கு ஒருதரம் வருவதை யார் ஞாபகம் வைத்திருக்க முடியும்? குறிஞ்சிகூடப் பன்னிரண்டு வருஷத்தில் பூத்துவிடுகிறது. மகாமகமும் பன்னிரண்டுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை நேர்மையுள்ள ஆய்வாளன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். காஞ்சிபுரத்து அத்திவரதர் நாற்பது வருஷத்துக்கு ஒருதரம்தான் வெளியே வருகிறார். 2019-இல் அவரை யாரும் மறக்கவில்லையே? உண்மை. ஆனால் அத்திவரதர் வருகிறார் என்று தொலைக்காட்சி நாற்பத்தெட்டு நாளும் அலறியது. என் மச்சான் ஆர்.சி. முடிகிறது என்று எந்தத் தொலைக்காட்சி சொன்னது? இன்னொன்றும் சொல்கிறேன். 2020 நவம்பர் 21-இல் திறந்துவைக்கப்பட்ட எங்கள் தேர்வாய் கண்டிகை–கண்ணன்கோட்டை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடி கொள்ளும். மழைக்காலத்தில் அதில் இன்றைக்கு எவ்வளவு நீர், நேற்று எவ்வளவு, நீர்வரத்து எவ்வளவு என்று பூண்டி, செம்பரம்பாக்கத்தோடு சேர்த்துப் பத்திரிகையில் போடுகிறார்கள். ஏரி நிரம்புவதை ஊருக்கே சொல்கிறவர்கள், அட்டை தீர்வதை அட்டைக்காரனுக்குச் சொல்லக் கூடாதா? இன்சூரன்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே முகம் தெரியாத பெண் ஒருத்தி "சார், நல்லா இருக்கீங்களா" என்று விசாரிக்கிறாள். ஆர்.சி.யை விசாரிக்க ஒரு நாதியில்லை.

மறதியின் காலத்தையும் கள ஆய்வு கண்டறிந்திருக்கிறது. நம் வீடுகளில் வண்டி எப்போது வாங்கப்படுகிறது? பிள்ளை பிறந்த வருஷம். ஆஸ்பத்திரிக்கும் மாமியார் வீட்டுக்கும் அலைய ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது வீட்டில் எதைப் பற்றிப் பேச்சு? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கேபிள் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டு வீடே மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் அந்த வருஷத்தில்தான், வாசலில் நிற்கும் வண்டி சத்தமில்லாமல் பதிவிழக்கிறது. என் மச்சான் வீட்டில் பையன் கணக்கில் பாஸ் ஆனான். எக்ஸ்.எல். பெயிலானது யாருக்கும் தெரியவில்லை. தெரியவந்தபோது இருபத்தாறு மாதம் ஓடியிருந்தது.

இனி தண்டல். வடசென்னையிலும் எங்கள் பக்கத்திலும் தண்டல் என்றால் வரி வசூல் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். காய்கறிக் கடைக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பைக்கில் வந்து நாள்தோறும் பிரித்து வாங்கிப்போகிறவர்தான் தண்டல்காரர். 2021 அக்டோபரில் அறிவித்து 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் இந்த முறையை நன்றாகப் படித்திருக்கிறது. லாரி, வேன் வகைகளுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று முடிந்து தாமதித்தால் நாளுக்கு 50 ரூபாய்: இது நாள் தண்டல். இருசக்கர வண்டியின் ஆர்.சி. முடிந்து தாமதித்தால் மாதத்துக்கு 300. மற்ற சொந்த வண்டிகளுக்கு 500: இது மாதச் சீட்டு. மாதத்தில் ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதக் கணக்கு. நம் ஊர்ச் சீட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதில் சேர்ந்தது நமக்கே தெரியாது, ஏலத்தில் எடுக்கவும் முடியாது.

மச்சானுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இருபத்தாறு மாதம், முன்னூறு வீதம் 7,800. புதுப்பிக்கும் கட்டணம் 1,000. திருத்தத்துக்கு முன்னால் இது 300-ஆக இருந்தது. பசுமை வரியைச் சேர்க்காமலே 8,800.

"மாமா, பழைய இரும்புக் கடையில இந்த வண்டிக்கு எவ்வளவு தருவான்?"

"இதுல பாதி தருவானான்னே சந்தேகம்."

"அப்ப வண்டிக்கு அபராதமா, அபராதத்துக்கு வண்டியா?"

ஒரு முனைவர் பட்டத்துக்குரிய கேள்வி அது. 2025 ஆகஸ்டில் வந்த இன்னொரு திருத்தம் இருபது வருஷம் தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2,000 ஆக்கியது, காருக்கு 10,000. கிழவண்டிகள் சாலையை விட்டுப் போகட்டும் என்பதுதான் இதன் எண்ணம். புகை விஷயத்தில் அது நியாயமும்கூட. ஆனால் போ என்று நேரே சொல்லாமல் பந்தியில் உட்காரவைத்துச் சோற்றுக்கு விலை ஏற்றுவது என்ன பழக்கமோ.

எஃப்.சி.க்குப் போகும் வண்டிகளைப் பற்றித் தனி நூலே எழுதலாம். பெயிண்ட் அடித்து, பக்கத்து வண்டியின் முதலுதவிப் பெட்டி, இன்னொரு வண்டியின் தீயணைப்பான், மூன்றாவது வண்டியின் ஸ்டெப்னி என்று இரவல் நகை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போகும். சாயங்காலம் திரும்பியதும் நகைகள் உரியவர்களிடம் போய்ச் சேரும். கடைசியில் அபராதத்தைக் கட்டிப் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோன நம் எக்ஸ்.எல்.லுக்கு இரவல் வாங்கியது ஒரு கண்ணாடி மட்டும்.

வெளிநாடுகளில் மறதியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள். பிரிட்டனில் 1921 ஜனவரி 1 முதல் வரி கட்டிய அடையாளமாக வட்டத்தாள் ஒன்றை முன்கண்ணாடியில் வைக்க வேண்டியிருந்தது. அந்தத் தாள்களைச் சேகரிப்பதற்கே ஆட்கள் கிளம்பி, தங்களுக்கு 'வெலாலஜிஸ்ட்' என்று பேரும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே என் துறையைக் கேலி செய்பவர்கள் கவனிக்கவும். 2014 அக்டோபர் 1-இல் அந்தத் தாளை ஒழித்தார்கள். சிங்கப்பூரில் 2017 பிப்ரவரி 15 முதல் ஒட்ட வேண்டாம் என்றார்கள். மலேசியாவில் சொந்த வண்டிக்காரர்களுக்கு 2023 பிப்ரவரியில். எல்லாம் கணினியில் இருக்கிறதாம். கணினிக்கு ஞாபகம் இருப்பது சரி; மறக்கிறது கணினியா? இலங்கையில் இன்னும் வருஷத்துக்கு ஒருதரம் வருமானப் பத்திரம் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். மனிதசுபாவம் அறிந்தவர்கள்.

இந்தக் கண்டுபிடிப்பை மச்சானிடம் சொன்னேன். எக்ஸ்.எல்.லுக்கு ஏது முன்கண்ணாடி? மெக்கானிக்கிடம் கேட்டோம். அவர் மிச்சமிருந்த சிவப்பு பெயிண்டை எடுத்து, முன்னால் இருந்த தகட்டில், தூரத்திலிருந்தே தெரியும்படி கொட்டை எழுத்தில் எழுதினார்: 'மறவாதே 2031'. மறுநாள் காலை டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினோம். டீ மாஸ்டர் கிளாஸை ஆற்றிக்கொண்டே அதை இரண்டுமுறை படித்தார்.

"எந்தக் கட்சிண்ணே? அதுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டீங்க?"