அப்பளக் களத்தில் ஒரு அம்பாசடர்

எங்கள் வீட்டு அம்பாசடர் மார்க் 4, ஸ்டியரிங்கை ஒரு நொடி விட்டால் போதும், இடப்பக்கம் போய்விடும். கல்லிடைக்குறிச்சியில் இடப்பக்கம் என்றால் பாதி இடங்களில் வாய்க்கால். அப்பா இருந்தவரை இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. "அதுக்கு தண்ணி தவிக்கு, பாவம்" என்று ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடியே முப்பது வருஷம் ஓட்டினார். அவருக்குப் பிறகு நானும் அப்படியே ஓட்டினேன். அந்தப் பழக்கத்தில் மற்றவர்கள் காரைத் தொட்டால் நடுரோட்டுக்குப் போய்விடுவேன். எதிரே வருகிறவர்கள் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள்.

புது டயர் நாலே மாதத்தில் உள்பக்கமாக வழுக்கையானபோதுதான் விழித்துக்கொண்டேன். பஞ்சர் கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்து, "ரம்பம் மாதிரி இருக்கு. அலைன்மென்ட் பாருங்க" என்றார்.

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் பார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். சக்கரத்துக்குச் சக்கரம் கண்ணாடித் தட்டு மாட்டிவிட்டு, பையன் திரையில் வண்டிப் பெயரைத் தேடினான். ஜப்பான் இருந்தது, கொரியா இருந்தது, ஜெர்மனி இருந்தது. மேற்கு வங்கத்து உத்தரப்பாராவில் 2014 வரைக்கும், ஐம்பது வருஷத்துக்கு மேல் செய்துகொண்டிருந்த அம்பாசடர் மட்டும் இல்லை. "கிட்டத்தட்ட இதே சைஸ்" என்று வேறு எதையோ தட்டினான். கடைசியில் ஒரு காகிதம் வந்தது. அதில் பாதிக்கு மேல் சிவப்பு. கேம்பர் சிவப்பு, கேஸ்டர் சிவப்பு.

"சரிபண்ணுங்க தம்பி."

"இந்த வண்டியில அத திருக இடமே கெடயாது சார்."

அவன் சொன்னது உண்மைதான். சக்கரத்தை முன்னால் நின்று பார்த்தால் தெரிகிற சாய்வு கேம்பர். அது திரும்பும் அச்சு, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முன்னோ பின்னோ சாய்ந்திருப்பது கேஸ்டர். இரண்டையும் இந்த வண்டியில் தொழிற்சாலையிலேயே முடிவுசெய்து அனுப்பிவிட்டார்கள். நமக்கு விட்டுவைத்தது டோ மட்டும். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளே பார்க்கின்றனவா, வெளியே பார்க்கின்றனவா என்கிற கணக்கு அது. டை ராடைத் திருகினால் மாறும். பணம் கட்டி வாங்கிய சிவப்புக் காகிதத்தை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இடப்பக்கமாகவே ஊர் திரும்பினேன்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி காகிதத்தைப் பார்க்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி தள்ளி நிற்கச் சொன்னார். "டிரைவர் பக்கம் தாந்து கெடக்கு, பாக்கீயளா? உங்க அப்பா இன்னும் உள்ளதான் இருக்காவ."

அம்பாசடரின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்று நீளமான எஃகுக் கம்பி. ஒரு முனை சக்கரத்தின் கீழ் ஆர்மில், மறுமுனை வண்டியின் அடிவயிற்றில். சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி பிழிந்த வேட்டியாக முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் முறுக்கு விடும். அப்பா எண்பத்தைந்து கிலோ. முப்பது வருஷம் அவரைச் சுமந்ததில் வலப்பக்கக் கம்பி கொஞ்சம் மனம் தளர்ந்துவிட்டது. அந்த உயரத்தைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எதையும் தொடக்கூடாதாம். அதற்கும் முன்னால் டயர் காற்று, ஹப் பேரிங், டை ராட் எண்டில் ஆட்டம் எல்லாம் பார்க்க வேண்டுமாம். "காத்து எறங்கின டயர வச்சிக்கிட்டு நூல் கட்டுதது, மொட்டைப் பாறையில நாத்து நடுத மாதிரி" என்றார்.

அதையெல்லாம் முடித்தார். நூல் கட்டி அளப்பதற்கு மட்டமான தரை வேண்டும். தெருத் தெருவாக ஒரு டம்ளர் தண்ணீரோடு அலைந்தோம். ஊற்றின இடத்தில் எல்லாம் தண்ணீர் எங்காவது ஓடியது. ஓடாமல் நின்ற ஒரே இடம், தெருக்கோடி ஆச்சி அப்பளம் காயப்போடும் சிமென்ட் களம். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பேர்போன ஊர். அந்தப் பேரைக் காப்பாற்றுவதில் ஆச்சிக்குப் பெரும்பங்கு உண்டு.

"வெயிலு வாரதுக்குள்ள எடுத்துரணும். ஒரு சொட்டு ஆயிலு விழுந்துச்சு, ஒன்னையே நக்கச் சொல்லுவேன், ஆமா" என்று அனுமதி தந்தாள்.

மறுநாள் விடியற்காலை வண்டி களத்தில் ஏறியது. எங்கள் வீட்டிலிருந்து நாலு முக்காலி, கொத்தனார் நூல், ஓர் இரும்பு ஸ்கேல். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியை அப்படியே அளக்கக் கூடாது. முன்கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். முன்னும் பின்னும் நாலு தள்ளு தள்ளி அதைச் சகஜமாக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் ஹப்பிலிருந்து சமதூரத்தில் நூல். முன்சக்கர இடைவெளியும் பின்சக்கர இடைவெளியும் இந்த வண்டியில் ஒன்றல்ல என்பதால் நூலை டயரை ஒட்டிக் கட்டினால் கணக்குக் கெட்டுவிடும். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கு எவ்வளவு, பின்விளிம்புக்கு எவ்வளவு என்று அண்ணாச்சி குனிந்து அளந்துகொண்டிருக்கும்போது ஆச்சி வந்து நின்றாள்.

"என்னல இது, ரெண்டும் ஆளுக்கொரு தெசய பாத்து நிக்கு? சண்ட போட்ட புருசன் பொஞ்சாதி கணக்கா?"

அண்ணாச்சி ஸ்கேலைப் பார்த்தார். முன்பக்கம் ஏழு மில்லி அகலம். அறுபது வருஷம் வட்டம் தப்பாமல் அப்பளம் உருட்டிய ஆச்சியின் கண்.

அவர் இரண்டு டை ராடையும் சமமாகத் திருகினார். ஒன்றை மட்டும் திருகினால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். கால் சுற்று, மறுபடி தள்ளு, மறுபடி அளவு. ஐந்தாவது தடவை ஆச்சி, "இப்ப ரெண்டும் ரகசியம் பேசுத மாதிரி லேசா சாஞ்சு நிக்கு. போதும், விடு" என்றாள். அந்த லேசான சாய்வுதான் வேண்டியதும். ஓடும்போது சக்கரங்கள் ரோட்டின் எதிர்ப்பில் கொஞ்சம் விரிந்து நேராகிவிடும்.

மணிமுத்தாறு ரோட்டில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். வண்டி நேராகப் போனது. நான்தான் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சாதனையை மாமாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அப்போ ஞாயித்துக்கெழம மாஞ்சோலைக்குப் போவோம்" என்றார். வனத்துறை அனுமதி வாங்கி, மணிமுத்தாறு அணையைத் தாண்டி, சோதனைச் சாவடியைத் தாண்டி, அருவியையும் தாண்டினோம். அதோடு தார் விடைபெற்றது.

அப்போது எஸ்டேட் ஓடிக்கொண்டிருந்தது. 2024-ல் வேலையாட்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியது அதற்குப் பிறகு. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த கதையை மாமா தொடங்கினார். முதல் குழியில் 1929, அடுத்த குழியில் ஜமீன், மூன்றாவதில் நாக்கைக் கடித்துக்கொண்டார். கதை மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி வரைக்கும் அப்படியே நின்றது.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. மேலே ஏறின இத்தனை நேரத்தில் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தது எப்போது? ஒரு கொண்டை ஊசி முடிந்தால் அடுத்தது. நடுவில் கிடைக்கிற பத்தடியில் பாறையை விட்டு விலக வேண்டும். நேராகப் போகிற கார் இந்த மலையில் பள்ளத்துக்குத்தான் போகும். மாமாவிடம் சொன்னேன்.

"நாப்பது வருசம் எஸ்டேட் ஜீப்புல போயிருக்கேன். அது எந்தப் பக்கம் இழுக்குன்னு டிரைவருக்கே தெரியாது" என்றார்.

நாலுமுக்கில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி. ஊத்து எஸ்டேட் வரை போய், மஞ்சில் எதுவும் தெரியாமல், டீ குடித்துவிட்டு இறங்கினோம். மலையில் வண்டி எந்தக் குறையும் சொல்லவில்லை. அணையைத் தாண்டி நேர்ரோடு வந்ததும், நன்றாகப் பழகிய ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது. இடப்பக்கம், வாய்க்காலைப் பார்த்து.

அண்ணாச்சி கீழே படுத்துப் பார்த்தார். டை ராடின் லாக் நட் கழன்று நாலு மரை தள்ளி வந்திருந்தது. "டைட் பண்ணித்தான வச்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை நாலு முக்காலியோடு களத்துக்குப் போனோம். ஆச்சி வண்டியைச் சுற்றி வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

"மறுபடியும் சண்டையா? சீக்கிரம் சமாதானம் பண்ணி எடுத்துட்டுப் போங்கல. இன்னைக்கு எனக்கு ஆயிரம் அப்பளம் கெடக்கு."