கூடு விட்டுக் கூடு பாய்தல்: ஹாம் ரேடியோப் பெட்டிகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

திருமூலர் கதை தெரிந்ததுதான். சாத்தனூர்ப் பக்கம் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறின. பார்க்கப் பொறுக்காத சிவயோகி ஒருவர் தம் உடலை ஓரிடத்தில் மறைத்துவைத்துவிட்டு மூலன் உடலுக்குள் புகுந்துகொண்டார். மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால், மறைத்துவைத்த உடலைக் காணோம். பெரியவர்கள் இதில் தத்துவம் கண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிவது ஹாம் ரேடியோ. நானும் ஒருமுறை அருமையான அலுமினியப் பெட்டி ஒன்றைப் பரணில் மறைத்துவைத்துவிட்டு, அதற்கு ஸ்க்ரூ வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தேன். பெட்டியைக் காணோம். பழைய பேப்பரோடு போய்விட்டது.

அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சிற்றலையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் கூட்டத்தார் ஹாம்கள். இவர்களில் ஒரு பிரிவினர் கருவியைக் கடையில் வாங்க மாட்டார்கள்; தாமே கட்டுவார்கள். அந்தக் கருவிக்கு உடம்பு எங்கிருந்து வருகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக்களம் எங்கள் வீட்டுப் பரண். ஆய்வுக் காலம் பதினோரு ஆண்டுகள், நடுவில் வெள்ளையடித்த ஒரு வாரம் நீங்கலாக. பரீட்சையில் ஓம் விதி கேட்டார்கள், பெட்டியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. பாடத்திட்டத்தின் இந்தக் குறையே என்னை எழுத வைத்தது.

முதலில் பிரச்சினையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். சர்க்யூட்டைக் கட்டி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்கு ஒரு பெட்டி அமைய என் கணக்கில் நான்கு வருஷம். அதுவரை அந்தப் போர்டு ஒயர்கள் இடியாப்பம்போல் பிதுங்க மேஜைமேல் அம்மணமாகக் கிடக்கும். யாராவது பேப்பரைத் தூக்கிப் போட்டால் பேச்சு நின்றுவிடும்.

இத்துறையில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், விமானங்களில் இருந்த கமாண்ட் செட் என்னும் ரேடியோக்கள் அமெரிக்காவில் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. அவற்றைப் பிரித்துக் கட்டி ஒரு தலைமுறையே ஹாம் ஆனது. 1976 மே மாத 'கியூஎஸ்டி' ஹாம் இதழில் டக் டிமா என்பவர், டூனா மீன் டப்பாமேல் இரண்டே டிரான்சிஸ்டரில் ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டிக் காட்டினார். 'டூனா டின் 2' என்று பெயர். அரை வாட்டுக்கும் குறைவான சக்தி. அதை வைத்துக்கொண்டு கடல்தாண்டிப் பேசியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீடு சைவம் என்பதால் அந்த நெறி எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஹீத்கிட் கம்பெனிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு கேலன் பெயின்ட் டப்பாவுக்குள் ரெசிஸ்டரை வைத்து, எண்ணெய் ஊற்றி முக்கிக்கொள்ளுங்கள் என்று 'கேன்டெனா' என்ற பெயரில் விற்றார்கள். டிரான்ஸ்மிட்டரின் சக்தியை வானத்துக்கு அனுப்பாமல் சூடாக்கித் தீர்ப்பதற்கான கருவி அது. அப்பளம் பொரிப்பதற்கும் அதற்கும் கொள்கையளவில் வேறுபாடு இல்லை.

நம் நாட்டுக்கு வந்தால், ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹானைச் சொல்லாமல் முடியாது. அவர் வடிவமைத்த பிட்எக்ஸ் என்னும் ஹாம் கருவி இன்று உலகமெங்கும் ஓடுகிறது. இந்தியச் சந்துக் கடைகளில் கிடைப்பதை வைத்தே கட்ட வேண்டும் என்பது அவர் வைராக்கியம். காயில் சுற்றக் குழாய் வாஷரே போதும் என்று காட்டினார். குழாய் ரிப்பேர்க் கடைக்காரரிடம் போய் ஒரு டஜன் வாஷர் கேட்டு, "எத்தனை குழாய் சார் ஒழுகுது?" என்று அவர் விசாரித்த அனுபவம் எனக்கு உண்டு. பின்னாளில் பிட்எக்ஸ் 40 ரெடிமேட் போர்டாக விற்பனைக்கு வந்தபோதும் போர்டும் உதிரிகளும் வந்தனவே தவிர, பெட்டி வரவில்லை. உயிரைக் கொடுத்தவர் மெய்யை நம் பொறுப்பில் விட்டுவிட்டார்.

மெய் எதற்கு, டிபன் பாக்ஸ் போதாதா என்று கேட்கலாம். எவர்சில்வரில் துளை போட்டுப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். டிரில் பிட் மொட்டையாகும், டப்பா சிரிக்கும். உலோகப் பெட்டி வேண்டியதற்குக் காரணம் ஃபாரடே. 1836-ல் அவர் 12 அடிச் சதுர அறை ஒன்றைக் கட்டி, வெளியெல்லாம் உலோகம் போர்த்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, வெளியே மின்பொறி பறக்கவிட்டுப் பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நம் கருவிக்கு வேண்டியதும் அந்த நிம்மதிதான். மூடாத போர்டில் வேரியபிள் கண்டென்சர் வைத்த ஆசிலேட்டர் இருந்தால், கையை அருகே கொண்டுபோனதுமே சுருதி மாறும். எதிரில் பேசுகிறவர் வாத்துபோல் பேசத் தொடங்குவார். கையை எடுத்தால் மனிதராவார். எங்கள் வீட்டில் ஃபேன் காற்றில் காலண்டர் ஆடினாலே திருச்சிக்காரர் குரல் கொஞ்சம் கீச்சிடும்.

இனி வகைப்பாடு. தமிழ் மரபில் பொருளை அகம், புறம் என்று பிரித்த நம் முன்னோர் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அகம் சர்க்யூட். புறம் பெட்டி. புறத்தைத் தேடிப் போகும் நிலங்கள் பல. 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பற்றிப் பெரிய ஹாம்கள் பேசும்போது குரலே கம்மிப்போகும். ரிச்சி தெருவில் புதுப் பெட்டியும் கிடைக்கும், ஆனால் காசு கொடுத்துப் பெட்டி வாங்குவது எங்கள் வட்டாரத்தில் கௌரவக் குறைச்சல். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் டப்பா நல்ல தகரம், 150க்கு 140 மில்லிமீட்டர், உயரம் 86, காற்று போக ஜாலியும் உண்டு. கழற்றுமுன் ஒன்று: 230 வோல்ட் ஏசியை டிசியாகத் திருத்தினால் உச்சம் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டர் அதைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். டிவிடி பிளேயர் அகலம் அதிகம், தகரம் அப்பளம். கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ் முழுக்க பிளாஸ்டிக்; அதைப் பற்றிப் பேசுவது காகித விரயம்.

இவை யாவற்றிலும் உத்தமம் பழைய டிவி ஸ்டெபிலைசர். இது என் துணிபு. 80-களில் கறுப்பு வெள்ளை டிவி வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் அதன் காலடியில் ஒரு ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று காவல் காத்தது. டிவி போய்விட்டது. ஸ்டெபிலைசரைத் தூக்கிப்போட மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. கனமாக இருந்ததால் விலையுள்ளது என்று நினைத்தார்கள்.

என்னுடையது அப்பா வாங்கியது. சாம்பல் நிறச் சுத்தியல் பெயின்ட், முகப்பில் 300 வரை போட்ட வோல்ட் மீட்டர், பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு விளக்கு, ஒரு டாகிள் சுவிட்ச். சமையலறை மேடையில் நியூஸ் பேப்பர் விரித்துத் திறந்தேன். காற்றுத் துளைகளை ஒட்டி மண்ணால் ஒரு குளவிக்கூடு. ரிலேயின் தகட்டுக்கும் காயிலுக்கும் நடுவே அப்பளம்போல் காய்ந்த பல்லி ஒன்று. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்றெல்லாம் சொல்லும் பஞ்சாங்கம், பல்லி ரிலேயில் விழுந்தால் என்ன பலன் என்று சொல்லவில்லை. அது விழுந்த அன்றுதான் ஸ்டெபிலைசர் நின்றிருக்க வேண்டும். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். பிறந்தது ரேடியோ.

"ஏங்க, தோசை ஊத்துற இடத்துல பல்லியப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே" என்றாள் மனைவி. ஹாம் மொழியில் மனைவிக்கு எக்ஸ்ஒய்எல் என்று பெயர், முன்னாள் இளநங்கை என்று பொருள். அந்தப் பொருளை நான் அவளிடம் சொன்னதில்லை.

உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மர் ஆட்டோ வகை. லைனுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே தடுப்பே கிடையாது, ஒரே சுற்று. அதை 12 வோல்ட் சப்ளைக்கு வளைத்துக்கொள்ளலாம் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். நான் அதைக் காயலான் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பெட்டியோடு சேர்த்தே தராசில் வைக்கச் சொன்னார். பெட்டி எனக்கு வேண்டும் என்றேன்.

"உள்ள இருக்குற செம்புதான் சார் காசு. தகரத்த வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ரேடியோ."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் குவியலிலிருந்து இன்னும் மூன்று காலி ஸ்டெபிலைசர் கூடுகளை எடுத்து இலவசமாகக் கொடுத்தார். அகம் அவருக்கு, புறம் எனக்கு. உலகத்தில் இவ்வளவு சண்டையில்லாமல் முடிந்த பாகப்பிரிவினையை நான் பார்த்ததில்லை.

இங்கேதான் என் முக்கியக் கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். பழைய பெட்டி என்பது உண்மையில் தகரம் அன்று, துளைகளின் தொகுப்பு. நாம் விரும்பும் இடத்தில் ஒன்றும் இருக்காது. விரும்பாத இடத்தில் ஏழெட்டு இருக்கும். அடைக்கலாமே என்பீர்கள். அடைத்த துளை ஒட்டுப் போட்ட சட்டைபோல் பார்க்கிறவனையெல்லாம் கூப்பிடும். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். சர்க்யூட்டுக்கு ஏற்ற பெட்டி தேடுவதாக ஹாம் நினைத்துக்கொண்டிருப்பான். உண்மையில் பெட்டிக்கு ஏற்ப சர்க்யூட் வளர்ந்துகொண்டிருக்கும்.

சான்று இதோ. என் ஸ்டெபிலைசரின் முதுகில் மூன்று முள் சாக்கெட் இருந்த பெரிய ஓட்டை. எனக்கு வேண்டியது ஆன்டெனாவுக்கு ஒரு சின்ன வட்டத் துளை. ஓட்டையை மூட அலுமினியத் தகடு வெட்டினேன். தகட்டில் ஒரு சாக்கெட் பொருத்தியதும் மீதி இடம் பொக்கை வாய்போல் தெரிந்தது. இன்னொரு ஆன்டெனா சாக்கெட் வைத்தேன். சாக்கெட் வந்தபின் அது சும்மா இருக்கலாமா? மொட்டைமாடியில் இரண்டாவதாக ஒரு கம்பி கட்டினேன். 40 மீட்டர் அலைக்கு அரை அலைநீளம் என்றால் 20 மீட்டர் கம்பி. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்க்காமல் அது நிற்காது. இப்போது வீட்டில் துணி பால்கனியில் காய்கிறது. மூலகாரணத்தைத் தேடிப் போனால், எப்போதோ ஒரு ஃபேக்டரியில் மூன்று முள் சாக்கெட்டுக்காக யாரோ பஞ்ச் அடித்த ஓட்டை.

எழுத்துகளின் கதை இன்னும் சுவாரசியம். முகப்பில் அச்சடித்ததைத் தின்னர் போட்டாலும் முழுதாகப் போக்க முடியாது. சிவப்பு விளக்குக்குக் கீழே 'ஹை கட்' என்று இருக்கும். நான் பேசும்போது எரிகிற விளக்கு இப்போது அதுதான். வீட்டில் பலர் அந்தப் பெயர் பொருத்தமே என்கிறார்கள். மீட்டரை வீணாக்க மனமில்லாமல் சிக்னல் மீட்டராக மாற்றினேன். உள்ளே தொடராக இருந்த பெரிய ரெசிஸ்டரைக் கழற்றியபின் சில வகை மீட்டர்கள் சொற்ப மின்னோட்டத்துக்கே முள்ளை ஆட்டும், சில வகை அசையாது. என்னுடையது ஆடியது. ஹாம் மரபில் சிக்னல் பலத்தை ஒன்று முதல் ஒன்பது வரை சொல்ல வேண்டும். என் மீட்டரோ வோல்ட்டில் பேசியது. ஒரு காலை மதுரை ஓஎம் (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் பெயர்) ஒருவரிடம் வாய்தவறி, "உங்க சிக்னல் இங்க 180" என்றேன். ஒரு கணம் நிசப்தம். பிறகு அவர், "அப்ப ஒரு ஸ்டெபிலைசர் போட்டுக்கட்டுமா ஓஎம்?" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. என்னால் அன்று மேற்கொண்டு பேச முடியவில்லை.

பூர்வஜென்ம வாசனை பெட்டியை விட்டுப் போவதில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. என் டிரான்ஸ்மிட்டரின் கடைசி டிரான்சிஸ்டர் ஐஆர்எஃப் 510. சூடாகும், பெட்டியின் தகரத்திலேயே போல்ட் போட்டு இறுக்கினால் சூடு இறங்கும். ஆனால் அதன் முதுகுத் தகடு உள்ளே டிரெய்னோடு சேர்ந்தது. நடுவில் மைக்கா வாஷர் வைக்காவிட்டால் சப்ளை நேராக நிலத்துக்குப் போகும். நான் மறந்தேன். சுவிட்ச் போட்ட மாத்திரத்தில் பெட்டி 'டக்' என்றது. உள்ளே ரிலே இல்லை, போனது ஃபியூஸ். ஆனாலும் முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அறைக்குள்ளிருந்து அம்மா, "வோல்டேஜ் ஏறிடுச்சாடா?" என்று கேட்டார்.

பெயின்ட் சுரண்டும் கலையையும் சொல்லிவிடுகிறேன். இரு தகடுகள் சந்திக்கும் இடமெல்லாம் உப்புத்தாள் போட்டு வெறும் உலோகம் தெரியத் தேய்க்க வேண்டும். பெயின்ட் கண்ணுக்கு அழகு, மின்சாரத்துக்குச் சுவர். தேய்க்காமல் மூடினால் ஃபாரடே கூண்டு வெறும் கூண்டு. இதை நான் மிகச் சிரத்தையாகச் செய்தேன். அடித்தட்டின் நான்கு ஓரமும் கண்ணாடிபோல் மின்னுகின்றன. மேல்மூடியின் ஓரங்களும் அப்படியே.

மேல்மூடியை மட்டும் இன்னும் போடவில்லை. முதலில் ஒரு கபாசிட்டரை மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம் ஆடியோவில் ஒரு ஊளைச் சத்தம், அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. கவிழ்த்த 'ப' வடிவில் இருந்த அந்த மூடி, கொல்லைப்புறச் சுவரில் தண்ணி மோட்டார் சுவிட்சுக்குக் கூரையாகத் தொங்குவதை நேற்றுத்தான் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியிருக்கிறது. சாரல் உள்ளே போகாமல் இருக்க, காற்றுத் துளைகள் அத்தனையையும் எக்ஸ்ஒய்எல் எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறாள்.