ஆபீஸ் வீட்டுக்கு வந்தாச்சு, ஊருக்கு எப்போ?
கேள்வி - பதில்

வீட்டிலிருந்து வேலை என்றால் பாதி நேரம் தூக்கம்தானே? உண்மையைச் சொல்லுங்கள்.
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், தியாகதுருகம்*

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள், ஐயா. சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனம் தன் கால் சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் குழு 2015இல் முடிவை வெளியிட்டது: வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் வாய்ப்புக் கொடுத்தபோது பலர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். காரணம், தனிமை. ஆக, தூக்கம் வரவில்லை, துணைதான் இல்லை.

மகன் அறைக்குள்ளேயே இருக்கிறான். ரேஷன் கடைக்குப் போய் வாடா என்றால், "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறான்.
*- ஒரு தாய், சின்னசேலம்*

மகன் சென்னையில் இருந்திருந்தால் ரேஷன் கடைக்குக் கூப்பிட்டிருப்பீர்களா, அம்மா? கதவு மூடியிருக்கும்வரை அவன் சென்னையில்தான் இருக்கிறான். வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். அந்த நேரம் முடிந்ததும் மடிக்கணினியை மூட வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கும் "ஒரே ஒரு மெயில்" என்றால் விடாதீர்கள். வீடு ஆபீஸை மதிக்கிற மாதிரி ஆபீஸும் வீட்டை மதிக்க வேண்டும்.

எங்கள் மலையில் செல்போனுக்கே சிக்னல் தேட வேண்டியிருக்கிறது. இங்கிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்க முடியுமா?
*- பட்டதாரி இளைஞர், வெள்ளிமலை*

முடிய வேண்டும். மலை முகடு சிக்னலை மறிக்கும். செல்போன் கோபுரம் மறுபக்கம் இருந்தால் இந்தப் பக்கத்துக்குத் தனியாக இன்னொன்று வேண்டும். அதற்கு மின்சாரமும் வலைப்பின்னல் இணைப்பும் வேண்டும். ஆள் குறைந்த இடத்தில் லாபம் வராது என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கும். அதனால்தான் 2022 ஜூலையில் மத்திய அரசு, சேவை இல்லாத 24,680 கிராமங்களுக்கு பி.எஸ்.என்.எல். வழியாக 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் கொண்டுபோவது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. 2024 ஜூலையில் உங்கள் கல்வராயன்மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நீங்கள் கேட்கும் சாலை, பள்ளி, மருத்துவமனை வரிசையில் இணையத்தையும் சேருங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து, "நம் ஊராட்சி அலுவலகத்துக்கு கேபிள் வந்ததா, உயிரோடு இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

இந்த ஆண்டுதான் இன்ஜினீயரிங் முடித்தேன். முதல் வேலையே வீட்டிலிருந்து கிடைத்தால் நல்லதுதானே?
*- கச்சிராயபாளையம்*

முதல் ஓராண்டு மட்டும் ஆட்களோடு இருந்து பாருங்கள். நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கலையில் உளி பிடிக்கும் கை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் பழகுகிறது. மென்பொருளிலும் அப்படித்தான். மூத்தவர் ஒரு தவற்றை எப்படித் தேடிப் பிடிக்கிறார் என்பதை வீடியோ காலில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அவர் தோளுக்குப் பின்னால் நின்றுதான் கற்க வேண்டும்.

பிரசவ விடுப்பு முடிகிறது. வீட்டிலிருந்து வேலை கேட்டால் கொடுப்பார்களா?
*- சங்கராபுரம்*

கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பைக் கொண்டுவந்தது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், அதன் பிறகு வீட்டிலிருந்து பார்க்க இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளலாம் என்றும் சொன்னது. பேசியதை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்றை வீட்டாரிடம் சொல்லுங்கள்: வீட்டிலிருந்து வேலை பார்ப்பது வேறு, குழந்தையைப் பார்ப்பது வேறு. ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியாது.

கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது. வாரம் இரண்டு நாள் மட்டும் வீட்டில் இருக்கலாமாம்.
*- திருக்கோவிலூர்*

2025க்குள் ஊழியர்களில் கால்வாசிப் பேர் ஆபீஸ் வந்தால் போதும் என்று 2020இல் சொன்ன டி.சி.எஸ். நிறுவனமே 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. இரண்டு நாள் வீடு என்பது கெட்ட ஏற்பாடு அல்ல. ப்ளூம் குழு 1,612 பேரிடம் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி வேலை பார்த்தவர்களில் ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் தரம் குறையவில்லை. ஆனால் இது சென்னை வேளச்சேரியில் வீடு உள்ளவருக்குத்தான் சலுகை. சொந்த ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அந்த இரண்டு நாளும் சென்னை வாடகை அறையில்தான் கழியும்.

அப்படியானால் எங்களுக்கு எதுதான் வழி?
*- கள்ளக்குறிச்சி*

வேலை வீட்டுக்குள் வர வேண்டியதில்லை, ஊருக்குள் வந்தால் போதும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோகோ நிறுவனம் 2011இலேயே அலுவலகம் திறந்தது. அங்கே உருவான மென்பொருள் உலகமெங்கும் விற்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியிலும் சேலத்தில் அதே ஆண்டு செப்டம்பரிலும் மினி டைடல் என்ற சிறு தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் திறந்தன. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது கள்ளக்குறிச்சி. 2019இல் தனி மாவட்டமான ஊருக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்தது போதாது. பேருந்து நிலையத்துக்கு அருகே ஐம்பது நாற்காலி, கேபிள் இணைப்பு, ஜெனரேட்டர், நல்ல கழிப்பறை உள்ள ஒரு கூடம் போதும். சங்கராபுரத்துப் பெண் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் வந்து வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவாள். சீட்ரிப் ஊழியர்கள் தேடிய துணையும் அங்கே கிடைக்கும். கேட்க வேண்டியது இதைத்தான், அதுவும் தேர்தல் வரும்வரை காத்திருக்காமல்.