விடத்தல்தீவு அடுப்பில் ஃபோ

மாட்டெலும்பை மெல்லிய தீயில் பல மணிநேரம் அவித்து, தெளிந்த அச்சாற்றை அரிசி நூடில்ஸின் மீது ஊற்றி உண்ணும் வியட்நாமிய உணவாகிய ஃபோ, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டின் வடபகுதியில் உருப்பெற்றதென்றும், பிரெஞ்சுக்காரர் இறைச்சியைத் தின்றதால் மிஞ்சிய எலும்பே அதற்கு அடிகோலியதென்றும் பொதுவாகக் கூறப்படுகிறது. 1954இல் நாடு பிரிக்கப்பட்டபோது தெற்கே பெயர்ந்தவர்களோடு அதுவும் சைகோனுக்குச் சென்று, முளைப்பயற்றையும் பச்சிலைகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இவ்வளவு இடப்பெயர்வைக் கண்ட பண்டம், மன்னார்–பூநகரி வீதியில் கண்டற்காடுகளுக்கு அருகே பெயரில் மட்டும் தீவாக விளங்கும் விடத்தல்தீவில் அடுப்பேறுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒடியற்கூழ் இருக்கிறது.

பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்து வெயிலில் காயவைத்துப் பெறுவது ஒடியல். அவித்தபின் காயவைத்தால் அது புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பேறிய தண்ணீரை வடித்த பின்னரே கூழுக்குக் கரைப்பர். ஃபோ வைப்பவரும் எலும்பை ஒருமுறை கொதிக்கவிட்டு, நுரையும் அழுக்கும் கலந்த அம்முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எலும்பைக் கழுவிப் புதுத்தண்ணீரில் மறுபடி ஏற்றுவர். ஆகவே இரண்டு நாட்டுச் சமையலும் முதல் உழைப்பைத் தண்ணீரை வெளியே ஊற்றுவதற்கே செலவிடுகின்றன. வேறுபாடு என்னவெனில், கூழுக்காரர் ஊற்றுவது பச்சைத்தண்ணீர், ஃபோக்காரர் ஊற்றுவது விறகு எரித்துக் காய்ச்சிய தண்ணீர். விறகு கொத்தியவர் அருகில் இல்லாத வேளையில் இதைச் செய்வது நன்று.

இதற்குமேல் இரண்டும் பிரிகின்றன. மீன், நண்டு, இறால், கணவாய், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை ஆகிய யாவும் கூழுக்குள் இறங்கியபின் எதுவும் வெளியேறுவதில்லை. நண்டின் கோது மட்டும், அதுவும் உரியவரின் பல்லைச் சோதித்த பிறகு, வெளியே வருகிறது. ஃபோவிலோ எலும்பும், தணலில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும், கறுவாவும் கராம்பும் தத்தம் சாரத்தை ஒப்படைத்துவிட்டு வடிகட்டியோடு நீங்கிவிட வேண்டும். இத்தனை பொருளை வாங்கிப் போட்டு, இத்தனையையும் எடுத்து எறிந்துவிட்டு, தெளிந்த தண்ணீரைப் பரிமாறும் ஒருவரைப் பார்த்து, “எலும்பு எங்கே?” என்று கேட்பது உபசாரக் குறைவன்று, அது நியாயமான கணக்குக் கேட்பு.

சரக்குகளைப் பொறுத்தவரை தடை அதிகமில்லை. அன்னாசிப்பூ புரியாணி வைக்கும் வீடுகளில் இருக்கும். இல்லாவிடினும், அதற்கு மணமூட்டும் அனெத்தோல் என்னும் பொருள் பெருஞ்சீரகத்திலும் உண்டு என்பதால் ஓரளவுக்கு ஈடுகட்டலாம். வியட்நாமியக் கறுவா காரமிக்கது, இலங்கைக் கறுவா மென்மையானது என்பதால் இன்னொரு துண்டு கூட்டிப் போடலாம். நெத்தலியையும் உப்பையும் மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் நுவோக் மாம் என்னும் மீன்சாறு, பிற ஊர்களில் மூக்கைப் பொத்தவைக்கும் பொருள். கருவாடு காயும் கரையில் அதற்கு அறிமுகமே வேண்டியதில்லை.

பெரிய இடர் நூடில்ஸில் உள்ளது. வியட்நாமியர் அரிசிமாவைக் கரைத்து, தாளாக ஆவியில் அவித்து, பட்டையாக வெட்டுகின்றனர். அதற்கு மாற்றாக இடியப்பத்தை இடுபவர், அது கொதிக்கும் சாற்றை உறிஞ்சிக் குழைந்து, சற்று நேரத்தில் கூழாகிவிடுவதைக் காண்பார். அப்போது வீட்டார் முதன்முறையாகத் திருப்தியுடன் தலையசைப்பர்.

பச்சை மாட்டிறைச்சியை மெல்லியதாகச் சீவிக் கோப்பையில் வைத்து, கொதிசாற்றை ஊற்றியே வேகச் செய்யும் முறை வேறொரு வழக்கைத் தோற்றுவிக்கிறது. மாட்டிறைச்சி உண்ணாத சைவ வீட்டார் இவ்வழக்கிலிருந்து முற்றாக விடுதலை பெற்றவர்கள். முஸ்லிம் வீட்டார் ஹலாலா என்பதை மட்டும் கேட்டுவிட்டு, வேகவில்லையே என்று இறைச்சியை மீண்டும் சட்டிக்கு அனுப்புவர். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் இறைச்சியை விலக்கும் கத்தோலிக்க வீட்டார்க்குத்தான் நுண்ணிய சிக்கல் எழுகிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு அந்நாள்களில் இறைச்சியை மட்டுமன்றி இறைச்சிச் சாற்றையும் பெயர் சொல்லித் தடுத்தது. 1966இல் ஆறாம் பவுல் திருத்தந்தை வெளியிட்ட ஆவணமோ இறைச்சியைத் தடுத்துவிட்டுச் சாற்றைக் குறிப்பிடாமல் விட்டது. எனவே சீவிய இறைச்சியைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, வெள்ளியன்று சாற்றை மட்டும் குடிக்கலாம் என்று வாதிட இடமுண்டு. அவ்வாதத்தைப் பங்குத்தந்தையிடம் கொண்டுசெல்பவர், வாதத்துக்கு முன்னதாக அவருக்கு ஒரு கோப்பையைச் சூட்டோடு அனுப்பிவைப்பது புத்திசாலித்தனம்.