ஆளைப் புழுக்கி எடுக்கும் முறை

நெல்லைப் புழுக்கத் தெரிந்தவர்களுக்கு ஆளைப் புழுக்குவது பெரிய வித்தை இல்லை. ஊறிய நெல்லை அண்டாவில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாயைச் சாக்கால் மூடி, ஆவி வெளியேறாமல் அடுப்பை எரிக்கிறோம். தீ ரொம்ப வேண்டாம், மூடி சரியாக இருந்தால் போதும். வறுப்பது வேறு, புழுக்குவது வேறு. செங்கல்பட்டு மாவட்டத்தில் தண்ணீருக்கு ஏரிகளும் ஆவிக்கு வங்கக்கடலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆளை மட்டும் நீங்கள் பிடித்துவர வேண்டும்.

ஆள் வேலூர்ப் பக்கமாக இருந்தால் உத்தமம். எனக்குக் காட்பாடியில் ஒரு மச்சினன் வாய்த்திருக்கிறான். கத்திரி பிறந்ததும் போன் வரும். "மாமா, இங்க நாப்பத்தொண்ணு. உங்க ஊர்ல முப்பத்துமூணுதானாமே, ஸ்வெட்டர் எடுத்து வச்சிருக்கீங்களா?" இப்படிப்பட்டவனிடம் வாதம் செய்து பயனில்லை. "வாடா, மகாபலிபுரம் சுத்திப் பார்க்கலாம்" என்று அன்பாகக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது முகூர்த்தம். காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும், பகலில் கடல்காற்று எழும். இரண்டும் மல்லுக்கு நிற்கும் இடைவேளை ஒன்று உண்டு. தென்னை ஓலை அசையாது, வேப்பிலை அசையாது. நமக்கு வேண்டியது அந்த நேரம்தான். கடல்காற்று வந்துவிட்டால் வெப்பநிலை இறங்கி ஆள் பிழைத்துக்கொள்வான். அந்தக் காற்று எவ்வளவு பெரிய உபகாரி என்பது அது ஏமாற்றும் நாளில்தான் தெரியும். மேல்காற்று ஓங்கி நின்று கடல்காற்றை உள்ளே விடாத நாட்களில்தான் இந்தக் கரை கொதிக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. ஆனால் அதெல்லாம் வறுவல் கணக்கு, நம்முடைய பக்குவத்தில் வராது.

உடுப்பில் கவனம் வேண்டும். கெட்டி ஜீன்ஸும், உடம்பைப் பிடித்த பாலியஸ்டர் சட்டையும் சிறந்தவை. 2019 அக்டோபரில் இதே மாமல்லபுரத்துக்கு வந்த இரண்டு நாட்டுத் தலைவர்களில் ஒருவர் வேட்டி சட்டையில் வந்தார், மற்றவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு நடந்தார். ஐந்து ரதங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இளநீரும் குடித்தார்கள். அந்தத் தவறான முன்மாதிரியை நம் ஆள் பார்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சினனைக் கொண்டுபோய் அர்ச்சுனன் தபசுக்கு எதிரே நிறுத்தினேன். அங்கே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைப் போல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு பூனையும் தவம் செய்கிறது. போலிச் சாமியாரைக் கிண்டல் செய்கிறது என்பார்கள். எனக்கு வேறு சந்தேகம் உண்டு. பூனைக்கு வியர்வை வருவது பாதத்தில்தான். கையைத் தூக்கிக் காற்றில் காட்டுவது தவமா, வியர்வை ஆற்றுவதா? பல்லவச் சிற்பி வைகாசியில் உளியைப் பிடித்திருந்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

பத்து நிமிஷத்தில் மச்சினன் சட்டை முதுகோடு ஒட்டியது. "மாமா, வெயில்கூட அவ்வளவா இல்ல. ஆனா என்னமோ செய்யுது." இந்த "என்னமோ" வந்தால் முதல் கொதி வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது பாடம் நடத்தலாம், ஓடுவதற்கு அவனுக்குத் தெம்பு இருக்காது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுமார் 100 வாட் பல்பு ஒன்றின் அளவுக்குச் சூட்டைக் கக்குகிறான். வெளிக்காற்றும் தோலும் ஒரே சூட்டுக்கு வந்தபின் அதை வெளியேற்ற வியர்வையை விட்டால் வழி இல்லை. மணிக்குச் சுமார் 150 மில்லி வியர்வை ஆவியானால் கணக்கு நேராகும். வழிந்து கீழே சொட்டினால் கணக்கில் சேராது, ஆவியாகியே தீர வேண்டும். ஈரமான தோல் ஆவியை 56 பங்கு பலத்தோடு வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 41 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள காட்பாடிக் காற்று எதிர்த்துத் தள்ளும் பலம் 19 பங்குதான். 33 டிகிரியும் 70 சதவீதமும் உள்ள மாமல்லபுரத்துக் காற்று 35 பங்கு பலத்தோடு எதிரே நிற்கிறது. ஏற்கெனவே நிரம்பி வழியும் டவுன் பஸ்ஸில் ஏறப் பார்க்கும் பயணியின் நிலைமைதான் வியர்வைக்கு.

இதைக் கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்தியில் தண்ணீர் வற்ற வெயில் மட்டும் போதாது, உலர்ந்த காற்றும் வேண்டும். அவர்களுடைய பாத்தியும் நம்முடைய முதுகும் ஒரே தொழில்தான் செய்கின்றன. காற்று ஈரமாக இருக்கும் நாளில் இரண்டிலும் தண்ணீர் அப்படியே நிற்கும்.

மச்சினன் விடுவதாக இல்லை. "என்ன இருந்தாலும் நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணுதான் மாமா." ஸ்டெட்மன் என்பவர் 1979இல் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து, உடம்புக்கு எவ்வளவு சூடாகத் தெரியும் என்று கணக்குப் போட்டார். அதிலிருந்து பிறந்த வெப்பக் குறியீட்டில் இரண்டு ஊரையும் போட்டுப் பார்த்தேன். காட்பாடிக்கு 43, மாமல்லபுரத்துக்கும் 43! ஆட்டம் சமன். சமனானால் இன்னொரு சுற்று இருக்கிறது. வெப்பமானியின் குமிழுக்கு ஈரத்துணியால் ஒரு கோவணம் கட்டிக் காற்றில் வைத்தால், வியர்வையால் எவ்வளவு குளிர முடியுமோ அந்த அளவுக்கு அது இறங்கும். இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறார்கள். காட்பாடியில் அது 25 வரை இறங்கும், மாமல்லபுரத்தில் 28இலேயே நின்றுவிடும். கோவணத்தில் தோற்றான் மச்சினன்.

கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். அந்த ஈரக்குமிழ் எண் 35ஐ எட்டினால் நிழலில் சும்மா இருப்பவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்று 2010இல் கணித்தார்கள். பிறகு திடகாத்திரமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது 31 பக்கத்திலேயே உடம்பு தடுமாறத் தொடங்கியது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். கத்திரி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கூட்டம், தண்ணீர்த் தட்டுப்பாடு, வெயில், கடலோரப் புழுக்கம் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்த நாள் அது. யாராவது பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

நம் ஆளுக்கு இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் கூட்டிவந்தேன். நெல்லுக்கு உண்டானது போலவே ஆளுக்கும் இரவில் இரண்டாவது வேக்காடு உண்டு. அதற்கு ஏர் கூலர் வேண்டும். கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. ஈரமே இல்லாத ஊரில் அது அமிர்தம். நம் ஊரிலோ ஈரத்துக்கு ஈரம் சேர்க்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடவிட்டால் நிச்சயப் பலன். மண்பானைத் தண்ணீர் இந்தக் கரையில் அரை மனசோடு குளிர்வதும் இதே காரணத்தால்தான். ஏசி இருந்தால் மறைத்துவிடுங்கள். குழாய் வழியாக அது வாளி வாளியாக வெளியே கொட்டுவது அறைக்காற்றில் இருந்த ஈரத்தைத்தான், அதனால் ஆள் காய்ந்துவிடுவான். சாதா ஃபேனும் ஆபத்து. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விரட்டி ஆளுக்கு உதவி செய்துவிடும்.

ராத்திரி மூன்று மணிக்குக் கதவைத் தட்டினான். "மாமா, கூலர்ல தண்ணி தீந்துபோச்சு. ஆனா தலகாணி நனைஞ்சிருக்கு." வேக்காடு பதம். இறக்கிவிடலாம். மாடிக்கு அனுப்பிப் பாய் போட்டுக் கொடுத்தோம்.

காலையில் கொடியில் போட்ட சட்டை காயவே இல்லை. ஈரத்தோடு பையில் சுருட்டிக் கொடுத்து பஸ் ஏற்றினேன். மத்தியானம் போன் வந்தது.

"வந்து சேந்துட்டேன் மாமா. இங்க நாப்பது. சட்டை பத்து நிமிஷத்துல காஞ்சிடுச்சு. முதுகுப்பக்கம் வெள்ளையா உப்பு பூத்திருக்கு. உங்க ஊரு உப்பாச்சே, திருப்பி அனுப்பட்டுமா?"